ஜோடி பிரியும் கண்ணாடி

உலகத்தில் உள்ள எந்தப் பொருளும் ஒன்று உலோகமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உலோகம் அல்லாததாக இருக்க வேண்டும். தரச்சான்று அலுவலகத்தின் இந்த விதியை அதுவரை எந்தப் பொருளும் மீறியதில்லை. வனேடியம் ஆக்சைடுதான் முதலில் திமிர் காட்டியது.

அதைக் கண்ணாடியில் மெல்லிசாகப் பூசி எடுத்து வந்திருந்தாள் ஆராய்ச்சிக்காரி. அவளுக்குத் தற்காலிக வேலை. சான்று கிடைத்தால் நிரந்தரம். கிடைக்காவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

"இது உலோகமா, இல்லையா?" என்றார் சான்று அதிகாரி.

"குளிர்ச்சியா இருக்கும்போது இல்லை சார். சூடேறினா உலோகம். அப்ப வெயிலோட வெப்பத்தைத் திருப்பி அனுப்பிடும். அறை குளுகுளுன்னு இருக்கும்."

"சூடேறினா குணம் மாறுமா? எனக்குந்தான் மாறுது. எனக்கு யாரு சான்று கொடுத்தா?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினாள். "குளிர்ல வனேடியம் அணுக்கள் ரெண்டு ரெண்டா ஜோடி சேர்ந்து நிக்கும் சார். எலக்ட்ரானும் அதுக்குள்ளயே அடங்கிக் கிடக்கும், மின்சாரம் பாயாது. சூடானா ஜோடி பிரிஞ்சு எல்லாம் சரிசமமா தள்ளி நிக்கும். எலக்ட்ரான் இஷ்டத்துக்குச் சுத்தும்."

அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்தார். "ஜோடி பிரியுதா? அடக் கடவுளே! அப்ப இது சட்டப் பிரிவுக்குப் போகணுமேம்மா!"

போனது. சட்டப் பிரிவு ஆழ்ந்து பரிசீலித்தது. பிரிந்த ஜோடிகள் சூடு ஆறியதும் மீண்டும் சேர்வதாகத் தெரியவருவதால், சேர்ந்தவை அதே ஜோடிகள்தாம் என்பதை ஐயமற நிரூபிக்க விண்ணப்பதாரர் கடமைப்பட்டவர் என்றது. முடியாத பட்சத்தில், எந்தச் சூட்டுக்கும் மாறாத கண்ணாடியைக் கொண்டுவரலாம் என்று பெரிய மனதும் பண்ணியது.

வீட்டுக்கு வந்தவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "மாறலேன்னா அது வெறும் கண்ணாடிங்க!" என்று கணவனிடம் பொருமினாள்.

"அப்ப வெறும் கண்ணாடியவே கொடுத்துத் தொலையேன்," என்றான் அவன், துணி மடித்துக்கொண்டே.

கொடுத்தாள். சூடாக்கினார்கள், ஆறவைத்தார்கள், மறுபடி சூடாக்கினார்கள். கண்ணாடி கல்லுப்பிள்ளையாராட்டம் இருந்தது. 'நிலையான நற்குணமுடைய அதிநவீனப் பூச்சு' என்று சான்று வந்தது. அவ்வளவுதான், ஊரே அதன் பின்னால் ஓடியது. வீடு, கடை, பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் நன்றாக இருந்த கண்ணாடியைப் பெயர்த்துவிட்டு இதை மாட்டினார்கள். மாட்டாதவர்களைப் பார்த்து "ஐயோ பாவம்" என்றார்கள்.

அவளுடைய நிரந்தர அறைக்கும் மாட்டினார்கள். வாழ்த்துச் சொல்ல வந்த அதிகாரியின் மேல் ஜன்னல் வெயில் சுள்ளென்று அடித்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்னம்மா ஒரு குளிர்ச்சி!" என்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "உனக்கு எப்படி இருக்கு?"

அவள் நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கிக் கரித்தது.

"எனக்கு லேசா நடுங்குது சார்," என்றாள்.