மல்காஜ்கிரியிலிருந்து ஐரோப்பாவைக் காத்தவர்

ஐரோப்பா இன்றுவரை இடியாமல் நிற்பதற்கு யார் காரணம் என்று நினைக்கிறீர்கள்? பட்டாளமா? பீரங்கியா? அதெல்லாம் இல்லை. காலையில் பல் துலக்குவதற்கு முன்பே ரேடியோவின் காதைத் திருகி, லண்டன் செய்தியைக் கரகரப்போடு கேட்டு முடித்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்து "நிலைமை சரியில்லை" என்று சொல்கிறவர் தெருவுக்கு ஒருவர் இருக்கிறாரே, அவர்தான் காரணம். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஐரோப்பாக் காவலர். சம்பளம் கிடையாது. யாரும் நியமிக்கவும் இல்லை. ஆனால் ஒரு நாள் லீவு எடுத்துப் பார்த்ததில்லை.

அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். ரஷ்யா என்று சொல்லமாட்டார், மாஸ்கோ என்பார். அமெரிக்கா என்று சொல்லமாட்டார், வாஷிங்டன் என்பார். இலையில் உட்கார்ந்தால் உப்பைக் கிழக்கே தள்ளி, ஊறுகாயை மேற்கே தள்ளி, நடுவில் விரலால் ஒரு கோடு கிழித்து, "இந்தப் பக்கம் டாங்கி வந்தா இவன் என்ன செய்வான்?" என்று பரிமாறுகிறவளைக் கேட்பார். அவள் என்ன செய்வாள்? ரசத்தை எல்லைக்கோட்டின் மேல் ஊற்றுவாள். கத்தரிக்காய் என்ன விலை என்று தெரியாது. எந்த நாட்டில் எத்தனை டாங்கி என்று தெரியும். வீட்டுப் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்காது. மேற்கு ஜெர்மனியின் கிழக்கு எல்லையில் இருக்கும் ஓட்டைகளை மட்டும் ஒன்றுவிடாமல் சொல்வார்.

நான் கிட்டத்தில் பார்த்த காவலர் வேதாசலம். என் அக்காள் மகளைக் கட்டியவருக்கு உடன்பிறந்த தம்பி. அவருடைய அப்பா காட்பாடியிலிருந்து இந்தத் தெலுங்குச் சீமைக்கு வந்து லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தவர். அம்மா ஆம்பூர்ப் பக்கம், என் நாத்தனாரின் ஓரகத்திக்கு ஒன்றுவிட்ட தங்கை. இத்தனை நல்ல குடும்பத்தில் ஐரோப்பா எப்படிப் புகுந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

ஐரோப்பிய நாடுகளும் அமெரிக்காவும் செய்துகொண்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தை எனக்கு அவர் பலமுறை விளக்கியிருக்கிறார். எனக்குப் படிப்பு அதிகமில்லை. உறவுமுறை வைத்துச் சொன்னால்தான் தலையில் ஏறும். ஆகையால் நானே இப்படிப் பிரித்து வைத்துக்கொண்டேன். அது ஒரு பெரிய கூட்டுக்குடும்பம், இரண்டு சண்டையில் வீடு பாதி இடிந்துபோனது. அமெரிக்கா வெளியூரில் வசதியாக இருக்கும் தாய்மாமன். வீட்டைத் திரும்பக் கட்ட உதவினார், ஆகவே யார் எந்த அறையில் படுப்பது என்பதிலும் அவர் வாய் வைப்பார். ஜெர்மனி இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பாகம் பிரித்து நடுவில் சுவர் எழுப்பியாயிற்று. பிரான்ஸ் கல்யாணத்துக்கு வரும், போட்டோவில் நிற்கும், சமையல் மட்டும் தனி. இங்கிலாந்து, நகையெல்லாம் போனபிறகும் பெட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருக்கும் பெரிய அத்தை. குடும்பத்தில் ஒருவர்மேல் கை வைத்தால் எல்லோர்மேலும் கை வைத்த மாதிரி. இதுதான் ஒப்பந்தம்.

இதைச் சொன்னதும் வேதாசலம் தலையை ஆட்டினார். "அவ்வளவு எளிசு இல்லீங்க அத்தை. இதுல நுணுக்கம் இருக்கு."

"பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போடறதுல என்ன நுணுக்கம் இருக்குன்னு கேளுங்க அத்தை" என்றாள் அவர் மனைவி கல்பகம், அடுக்களையிலிருந்தே.

அவர் வேலை பார்த்தது ராமச்சந்திராபுரம் பக்கத்தில் ஒரு ஃபேக்டரி. மல்காஜ்கிரியிலிருந்து விடியற்காலையில் கம்பெனி பஸ் கிளம்பும். அந்த பஸ்ஸில் அவருக்கு ஒரு பதவி உண்டு, பஸ் இன்சார்ஜ். டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோர சீட்டு அவருடையது. எல்லோரும் ஏறியாயிற்றா என்று பார்த்து, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டித் தகரத்தில் இரண்டு தட்டு தட்டுவார். தட்டினால்தான் டிரைவர் யாதகிரி வண்டியை எடுப்பான். வாயால் ஆயிரம் சொன்னாலும் எடுக்கமாட்டான். ஐரோப்பாவைப் பற்றிய பேச்சில் எது உத்தரவு, எது விளக்கம் என்று அவனுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

பஸ்ஸின் முதல் நிறுத்தம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். அங்கே ஏறுகிறவர் ஒரே ஒருவர், தேவசகாயம். திருநெல்வேலிக்காரர். சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து ஒரு கால் சூம்பிப்போனவர், கக்கத்தில் கட்டை வைத்து நடப்பார். ஸ்டோர்ஸில் தற்காலிக வேலை. அந்தக் குளிர்காலத்தில் நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் லேட் என்று ஒரு குறி விழுந்தாலும் பெயர் கீழே இறங்கிவிடும்.

அந்த வருஷம் எண்பத்து மூன்று. ஐரோப்பாவில் கிழக்கே ரஷ்ய ஏவுகணை, மேற்கே புது அமெரிக்க ஏவுகணை வரப்போகிறது, ஜனங்கள் லட்சக்கணக்கில் தெருவில் நின்று வேண்டாம் என்கிறார்கள். வேதாசலத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்து இங்கே ஓர் உத்தரவு வந்தது: கேட் அடிக்கடி மூடுவதால் பஸ் இனி கேட்டைத் தாண்டாது, இந்தப் பக்கத்திலிருந்தே கிளம்பும்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கொஞ்சம் கூடுதல் தூக்கம் கிடைக்கும். யாரும் அதைச் சொல்லவில்லை. "பாவம் தேவசகாயம்" என்று மட்டும் எல்லோரும் சொன்னார்கள், கொட்டாவி விடாமல்.

ஆபீசில் டைப் அடிக்கும் ஜுலைகா, வாணியம்பாடிக் குடும்பத்துப் பெண், முதலில் வாயைத் திறந்தாள். "சார், எல்லாரும் சேர்ந்து டிரான்ஸ்போர்ட் ஆபீசர் முன்னாடி போய் நின்னா கேக்க மாட்டாரா?"

"அவசரப்படக் கூடாதும்மா. ஒரு பக்கம் பேச்சுவார்த்தை, ஒரு பக்கம் தயார்நிலை. ஐரோப்பாவிலே இதை இரட்டைத் தடம்னு சொல்றாங்க."

"நம்ம பஸ்ஸுக்கு இருக்கிறது ஒரே தடம் சார். அதைத்தான் வெட்டுறாங்க."

அவர் தனியாகப் போனார், டீ குடித்தார், ஓர் உத்தரவாதத்தோடு திரும்பி வந்தார். பஸ் கேட்டைத் தாண்டாது; ஆனால் தேவசகாயம் தண்டவாளத்தைத் தாண்டி வந்து ஏறும்வரை இந்தப் பக்கம் நிற்கும். நிறுத்தி வைக்கும் பொறுப்பு இன்சார்ஜுடையது. தேவசகாயம் ஒப்புக்கொண்டார். "பரவாயில்ல சார், நடந்து வாரேன். நீங்க நிப்பாட்டி வச்சாப் போதும்."

"இனி உங்க பாதுகாப்பு என் பாதுகாப்பு" என்றார் வேதாசலம்.

சில நாள் நடந்தது. பிறகு ஒரு காலை, பனி இறங்கிக்கொண்டிருந்தது, கேட் மூடிவிட்டது. ஒரு கூட்ஸ் வண்டி வந்து, நகர்ந்து, நடுவில் நின்று, மறுபடி நகர்ந்தது. பெட்டிகளின் இடைவெளியில் அந்தப் பக்கம் தேவசகாயம் தெரிந்தார், மறைந்தார், தெரிந்தார். பஸ்ஸுக்குள் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மேற்கு ஜெர்மனியின் தலைநகரான பான் நகரத்துப் பார்லிமெண்டில் ஏவுகணைக்கு ஓட்டெடுப்பு நடக்கப்போகிற வாரம் அது. பின் சீட்டிலிருந்து யாரோ பொழுது போகாமல் கேட்டார்:

"ஏன் சார், ஜெர்மனிக்காக அமெரிக்காக்காரன் நெஜமாவே வருவானா? இல்ல, நடுவுல கழட்டி விட்டுடுவானா?"

கேட்கலாமா இதை? வேதாசலம் முழு உடம்போடு பின்பக்கம் திரும்பினார். இத்தனை வருஷத்துக் காவல், இத்தனை விடியற்காலைக் கரகரப்பு, இலையில் ஓடிய இத்தனை ரசம் எல்லாம் அவர் தொண்டைக்கு ஏறி வந்தன. "கைவிடறதா? ஒருத்தரைத் தொட்டா எல்லாரையும் தொட்ட மாதிரி. ஒருத்தரையும், எந்த நிலைமையிலும், விட்டுட்டுப் போக மாட்டாங்க" என்று சொல்லி, அந்தக் கடைசி வார்த்தைகளுக்கு அழுத்தம் கொடுப்பதற்காக, ஜன்னலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்த கையால் தகரத்தில் ஓங்கித் தட்டினார். இரண்டு தட்டு.

யாதகிரி கியர் போட்டான். பஸ் புறப்பட்டது.

"சார், தேவசகாயம் அண்ணா" என்றாள் ஜுலைகா.

வேதாசலம் கேட்டைப் பார்த்தார், பஸ்ஸிலிருந்த முகங்களைப் பார்த்தார். முகங்கள் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் குரலைத் தாழ்த்தினார். "இப்ப நிறுத்தினா எல்லாருக்கும் லேட்டாயிடும்மா. மொத்த நிலைமையையும் யோசிக்கணும். ஆபீஸுக்குப் போனதும் இதை நான் வன்மையாக் கண்டிச்சிடறேன்."

"யாரை சார்?"

ஜுலைகா எழுந்துபோய்ப் படியில் இறங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படியில் ஆள் நின்றால் கம்பெனி பஸ்ஸை ஓட்டக் கூடாது. பெண்பிள்ளை நின்றால் யாதகிரிக்கு வேலையே போய்விடும். பஸ் நின்றது.

"கைக்கு மேடம், ஏன்? உள்ளே வாங்கோ" என்றான் அவன், தமிழர்களை ஏற்றி ஏற்றிப் படிந்த தமிழில்.

"நக்கோ பாய், முடியாது. அண்ணா வந்தாத்தான் வருவேன்."

"ஏம்மா, எங்க எல்லாருக்கும் லேட் குறி விழணுமா?" என்றார் ஒருவர்.

"கம்பெனி பஸ் லேட்டா போனா அதுல வந்தவங்க யாருக்குமே குறி கிடையாது. உங்களுக்குத் தெரியாதா? மழைக்காலம் பூரா அப்படித்தானே தூங்கிக்கிட்டே போனீங்க?"

தெரியும். எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் சேர்ந்து தாமதமானால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது, தனியாகத் தாமதமானவன்தான் மாட்டுவான் என்பது அந்த பஸ்ஸில் பழைய சட்டம். எப்படி மறந்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். யாரோ பீடி பிடிக்க இறங்குகிற மாதிரி இறங்கினார். இன்னொருவர் கால் மரத்துவிட்டது என்று இறங்கினார். கேட் திறந்து தேவசகாயம் கட்டையை ஊன்றி வருவது தெரிந்ததும், யாரும் தட்டாமலேயே, யாதகிரி பஸ்ஸைப் பின்னால் எடுத்தான்.

வேதாசலம்தான் கை கொடுத்து ஏற்றினார். "பார்த்தீங்களா, இதுக்குப் பேர்தான் ஒற்றுமை. நான் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

அன்று பஸ்ஸே தாமதம், ஒருவருக்கும் குறி இல்லை. அதன்பிறகும் கேட் மூடினபோதெல்லாம் பஸ் நின்றது, தாமதமானது. கேட்டைத் தாண்டாமல் விட்டும் நேரம் மிச்சமாகவில்லை என்று டிரான்ஸ்போர்ட் ஆபீசர் கணக்குப் பார்த்து, பழையபடி கேட்டைத் தாண்டியே போகச் சொல்லிவிட்டார். இது தம்முடைய பேச்சுவார்த்தையின் வெற்றி என்று வேதாசலம் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அதில் எனக்கு வருத்தமில்லை. ஒருநாள் தேவசகாயத்திடமே கேட்டுவிட்டேன், இன்சார்ஜ் எப்படிப்பட்டவர் என்று.

"நல்லவுகதான்" என்றார் அவர். "நான் ஜெர்மனியில மட்டும் இருந்திருந்தேன்னா, எனக்கு ஒரு கவலையும் இருந்திருக்காது."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லவேண்டும். இதைப் படித்துக்கொண்டு வரும்போது பான் நகரத்து ஓட்டெடுப்பு என்ன ஆயிற்று, ஏவுகணை வந்ததா இல்லையா என்று உங்களுக்குள் ஒரு துடிப்பு எழுந்ததா? எழுந்திருந்தால், நாளைக் காலையில் பஸ் ஏறும்போது கையைக் கொஞ்சம் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

தேவசகாயத்துக்கு வேலை நிரந்தரமாயிற்று, அந்தத் தை மாதத்தில். நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.