மேற்குப் பக்கத்துச் சுவர்

உலகத்தில் இதுவரை நிகழ்ந்த எல்லாத் தோல்விகளுக்கும் பந்தைக் கையில் வைத்திருந்தவனே பொறுப்பு. இது சச்சிதானந்தனின் கொள்கை. மற்றவர்கள் கடவுளை நம்புவது போல அவர் இதை நம்பினார். மற்றவர்கள் கடவுளைப் பற்றி வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பேசினார்கள். இவர் கிழமை பார்க்கவில்லை.

இப்போது ஒரு சிறு சிக்கல். பந்து அவர் கையில் இருந்தது.

1977இல் சிட்னித் தமிழர்கள் எல்லோரும் ஒரு பூங்காவில் அடங்குவார்கள். கார்களை நிறுத்தவும் இடம் மிஞ்சும். வருடாந்தப் பிக்னிக்கில் மேற்குப் பக்கம் வீடு வைத்திருந்தவர்களும் வடக்குப் பக்கம் வீடு வைத்திருந்தவர்களும் மோதிக்கொள்வது வழக்கம். முன்பெல்லாம் கிரிக்கெட். ஆனந்தராஜா அமெரிக்காவில் படித்துவிட்டு முட்டை வடிவத்தில் ஒரு பந்தோடு வந்து சேர்ந்த பிறகு அமெரிக்கக் கால்பந்து. ஒருவர் பந்தை எறிய வேண்டும். எதிரணியினர் ஓடிவந்து அவரை விழுத்தப் பார்ப்பார்கள். அவர் எறிந்து முடிக்கும்வரை ஐந்து பேர் முன்னால் சுவராக நின்று காக்க வேண்டும். மிச்ச விதிகள் ஆனந்தராஜாவுக்கும் தெரியாது. ஆகவே அவரே நடுவர்.

போன வருடம் மேற்குப் பக்கத்துக்கு எறிந்தவர் கணக்காளர் சிவபாலன். எறிந்தார் என்பதைவிட விழுந்தார் என்பதே பொருத்தம். தோற்ற பிறகு, "எனக்கு முன்னால நிண்ட சுவர் சரியில்லை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். சச்சிதானந்தன் ஒரு வருடமாக அதை விடவில்லை. பிறந்தநாள் வீட்டிலும் சொன்னார், செத்த வீட்டிலும் சொன்னார்.

"சுவர் என்னப்பா செய்யும்? பந்து உம்மட கையில. கையில பந்தை வைச்சுக்கொண்டு சுவரைக் குற்றம் சொல்லுறவனை என்னெண்டு சொல்லுறது?"

இந்த வருடம் சிவபாலன் பேசாமல் வந்து பந்தை அவர் கையில் வைத்தார்.

"பிடியும். ஆனா சுவரைப் பற்றி ஒரு கதை கதைக்கக்கூடாது."

"நான் ஏன் கதைக்கிறன்? தோத்தா, சாப்பாட்டு நேரம் மைக்கைப் பிடிச்சு, பிழை முழுக்க என்ர எண்டு சபையில சொல்லுறன். சரியோ?"

"எல்லாரும் கேட்டனீங்களோ?" என்றார் சிவபாலன். பாய் விரித்துக்கொண்டிருந்தவர்கள் உட்பட எல்லோரும் கேட்டிருந்தார்கள்.

ஆட்டம் தொடங்கியது. சச்சிதானந்தன் பந்தை வாங்கினார், நிமிர்ந்தார், கையை ஓங்கினார். அடுத்ததாக அவர் பார்த்தது வானத்தை.

மேலே ஓர் இளம் முகம் தெரிந்தது. "சொறி அங்கிள். நோகுதோ?"

வடக்கு அணிக்குப் புதிதாக வந்திருந்த டொக்டர் சிறி. கண்டியில் படிக்கும்போது றகர் என்கிற ரக்பி விளையாடியவர். ஆறடி. கைகொடுத்துத் தூக்கிவிட்டார், முதுகில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் விழுத்தினார்.

சச்சிதானந்தன் கொள்கை மாறாதவர். பிழை பந்தை வைத்திருப்பவனுடையது. ஆகவே பந்தை வைத்திருப்பவன் இன்னும் கொஞ்சம் பின்னால் போய் நிற்க வேண்டும். போனார். டொக்டருக்கு ஓடிவர இன்னும் வசதியாயிற்று, வேகம் கூடியது. இன்னும் பின்னால் போனார். இந்த முறை விழுந்த இடம் மெத்தென்று இருந்தது. மனைவி வைதேகி விடிய எழுந்து பொரித்த கட்லட்.

"இஞ்சருங்கோ!" என்றாள் வைதேகி. மனைவிமார் கூட்டத்தில் அதற்கு மேல் சொல்ல முடியவில்லை.

நல்லகாலம், வடக்குப் பக்கமும் ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. அவர்களுக்காக எறிந்தவர் கண் வைத்தியர். எறிந்ததெல்லாம் ஒரே யூகலிப்டஸ் மரத்தில் போய்ப் பட்டது.

இடைவேளையில் ஐஸ் பெட்டியைச் சுற்றி மேற்கு அணி கூடியது. சச்சிதானந்தன் காதுக்குள்ளிருந்து கட்லட்டை எடுத்தார்.

"நான் சுவரைக் குற்றம் சொல்லேல்லை" என்று தொடங்கினார். "சும்மா கேக்கிறன். அந்தப் பெடியன் வரேக்குள்ள நீங்கள் ஏன் விலகுறியள்?"

"நாங்கள் விலகேல்லை" என்றார் சிவபாலன். "வழி விட்டனாங்கள்."

"ஏன் விட்டனீங்கள்?"

சுவர் ஒன்றையொன்று பார்த்தது.

"டொக்டர், கலியாணம் கட்டேல்லை" என்றார் சிவபாலன் தாழ்ந்த குரலில். "ஊரில என்ர தங்கச்சி நிக்கிறாள். இண்டைக்கு நான் அவரை இடிச்சு விழுத்திப்போட்டு, நாளைக்கு எந்த முகத்தோட பேச்சுக்கால் துவங்கிறது?"

அவருக்குப் பக்கத்தில் நின்றவருக்கு இரண்டு பெண்பிள்ளைகள். அதற்கடுத்தவருக்கு ஒரு மகளும் அக்காவின் மகள் ஒருத்தியும். நாலாமவர் காற்சட்டைப் பையிலேயே மகளின் படத்தை வைத்திருந்தார். கடைசி ஓட்டத்தில் அது டொக்டர் முன்னால் தவறி விழுந்ததாம். தவறித்தான் விழுந்ததாம்.

"வாசுதேவன், நீருமோ?"

மதராசிலிருந்து வந்த வாசுதேவன் தலையை ஆட்டினார். "எனக்கு ரெண்டும் பையன் சார். நான் நகரவே இல்லை. ஆனா அவர் என் பக்கமே வரலை. மத்த நாலு பக்கமும் வாசல் தெறந்திருந்தா என் பக்கம் எதுக்கு சார் வரணும்?"

சச்சிதானந்தன் எழுந்து நின்றார். கட்லட் உதிர்ந்தது.

"வெட்கமாயில்லையோ உங்களுக்கு? ஒரு மாப்பிளைக்காக மானத்தை விக்கிறியளே! என்னட்டையும் ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கு. நான் விலகினனானோ? எத்தனை தரம் விழுந்தாலும் நேர நிண்டுதான் விழுந்தனான்!"

"பந்து உம்மட கையில இருந்தது. எங்கை விலகிறது?" என்றார் சிவபாலன்.

"அப்ப பாரும். நான் சுவரில நிக்கிறன். டொக்டருக்கு நேர முன்னால. வாசுதேவன், பந்தை நீர் எறியும்."

"சார், நான் ஒருத்தன்தான் ஒழுங்கா நின்னுட்டிருந்தேன்" என்றார் வாசுதேவன்.

"எறியும் எண்டன்!"

அணியில் மகள் இல்லாத ஒரே தகப்பனைச் சுவரிலிருந்து இவ்வாறு எடுத்துவிட்டு, சச்சிதானந்தன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். சுவரில் இப்போது ஐவரும் பெண்ணைப் பெற்றவர்கள் அல்லது தங்கையோடு பிறந்தவர்கள்.

பிறகு கொஞ்ச நேரம் சிறப்பாகவே போயிற்று. டொக்டர் ஓடிவர, சச்சிதானந்தன் நெஞ்சைக் கொடுத்தார். இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். வாசுதேவன் எறிந்த பந்து முதன்முறையாக ஒருவர் கைக்குப் போனது. அவர் பழக்கமில்லாததால் அதைத் தவறவிட்டார். டொக்டர் எழும்பியதும் சச்சிதானந்தனை ஒருவிதமாகப் பார்த்தார். போய், எல்லைக்கோட்டருகே கதிரை போட்டு உட்கார்ந்திருந்த தன் பெரியம்மா மீனாம்பாளிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார், ஏதோ சொன்னார்.

சோறு ஆறத் தொடங்கியது. ஆனந்தராஜா விசிலை ஊதி, "இதுதான் கடைசி எறி" என்று அறிவித்தார். அது விதியா பசியா என்று யாரும் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வைதேகி எலுமிச்சம் தண்ணீரோடு கோட்டருகே வந்தாள்.

"இஞ்சருங்கோ. மீனாம்பாள் அன்ரி வந்து எங்கட கல்யாணியின்ர வயசு கேட்டவ."

"கேட்டா?"

"இருவத்திரண்டு எண்டனான். பிறகு நட்சத்திரம் கேட்டவ."

சச்சிதானந்தன் தண்ணீரை விழுங்க மறந்தார்.

"நாலு பேற்ற பிள்ளையளும் இஞ்ச இருக்க, எங்கட பிள்ளையின்ர நட்சத்திரம். விளங்குதோ?"

"பிள்ளை படிச்சு முடிக்கட்டும் எண்டெல்லோ நான்..."

"உங்களை ஆர் கேட்டது? போய் விளையாடுங்கோ." ஒரு அடி போய்த் திரும்பினாள். "ஆளுக்கு அடி படாமல்."

அவர் சுவரில் போய் நின்றார். எதிரே டொக்டர் குனிந்து தயாரானார். நல்ல அகன்ற நெற்றி. முன்னர் மோதியதில் இடது முழங்கையில் தோல் உரிந்திருந்தது. அது சச்சிதானந்தனின் வேலை.

விசில் ஒலித்தது. டொக்டர் வந்தார்.

சச்சிதானந்தன் ஒரு பக்கமாக ஒதுங்கினார். கை தானாகவே நீண்டு வழி காட்டியது.

"வாங்கோ தம்பி" என்றார், மெதுவாக.

வாசுதேவன் மட்டும் விலகவில்லை. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடி, நின்ற இடத்திலேயே நின்று வாங்கிக்கொண்டார். பந்து ஒரு பக்கமும் மூக்குக்கண்ணாடி ஒரு பக்கமும் போயின. டொக்டர் பந்தைப் பொறுக்கிக்கொண்டு எல்லைவரை ஓடினார். மேற்கு தோற்றது.

சாப்பாட்டு நேரம் சிவபாலன் மைக்கைத் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார். சபை கையில் தட்டோடு காத்திருந்தது.

சச்சிதானந்தன் தொண்டையைச் செருமினார். மகளைப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். டொக்டரைப் பார்த்தார். பிறகு மைக்கை வாயிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"சுவர்," என்றார், "இன்னும் கொஞ்சம் கவனமாய் நிண்டிருக்கலாம்."

சிவபாலன் சிரித்த சிரிப்பில் புரைக்கேறி, டொக்டர்தான் வந்து முதுகில் தட்டினார். எப்படியோ அவருக்கும் டொக்டரை நெருங்க ஒரு வாய்ப்புக் கிடைத்தது.

சச்சிதானந்தனுக்கு அது பெரிதாகப் படவில்லை. கௌரவம் போனால் என்ன, மருமகன் வரப்போகிறார். வைதேகிக்குப் பக்கத்தில் வந்து பாயில் உட்கார்ந்தார். மீனாம்பாள் அன்ரி கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வருவதைக் கண்டு, மடியிலிருந்த சோற்றுப் பருக்கையைத் தட்டிவிட்டார்.

"வைதேகி, குறை நினையாதையும்" என்றார் மீனாம்பாள் அன்ரி. "தகப்பன் இல்லாத பெடியன். டொக்டர் எண்டு வளைஞ்சு குடுக்கிற மாமன் தனக்கு வேண்டாமாம். நேர நிண்டு மோதிற மனுசன் வேணுமாம். இண்டைக்கு அவன் பந்துக்கோ ஓடினவன்? மாமன் பார்க்க ஓடினவன். உங்கட மனுசன்தான் எண்டு சொல்லித்தான் நட்சத்திரமும் கேக்கச் சொன்னவன். கடைசியில அவரும் வழி விட்டிட்டாராம்."

சச்சிதானந்தன் தட்டிவிட்ட சோற்றுப் பருக்கையைப் பாயில் தேடத் தொடங்கினார்.

"அது போகட்டும்" என்று அன்ரி குரலைத் தாழ்த்தினார். "அந்த மதராஸ்காரர், வாசுதேவனோ என்னவோ, கண்ணாடி உடைஞ்சும் அசையாமல் நிண்டாரே... அவருக்குப் பொம்பிளைப் பிள்ளையள் இருக்கோ?"