கறுத்தக்கொழும்பான் மணத்தோடு எரியாத விளக்கு

கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் என்னோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்தவர் அல்லர். இருந்து பார்த்தவர் என் கணவர் குகன் மட்டும்தான். அவரைக் கேட்டால், குணத்தைத் தேடிப் பார்க்கத் தனக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை என்பார். எப்படிக் கிடைக்கும்? இருந்த நேரமெல்லாம் மனுசன் கம்பி சுற்றிக்கொண்டல்லவா இருந்தார்!

முதலில் சிகரெட்டில் இருந்து தொடங்குகிறேன். குகனின் அப்பா சுருட்டும் கையுமாகவே வாழ்ந்து, நெஞ்சு அடைத்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே போய்ச் சேர்ந்தவர். என் மாமியார் இரண்டு பிள்ளைகளோடு தனியே பட்ட பாடு ஊருக்கே தெரியும். அதைக் கண்ணால் பார்த்து வளர்ந்த இந்த மகான் என்ன செய்தார்? சிட்னிக்கு வந்து, கோட்டுப் போட்டு, ஆங்கிலம் கதைத்து, அதே வேலையைச் சிகரெட்டில் செய்தார். டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, உங்கள் அப்பா போன வழியிலேயே போகிறீர்கள் என்று நேராகவே சொன்னார். செவிடன் காதில் ஊதின சங்குதான்.

குவேக்கர்ஸ் ஹில்லில் நாங்கள் வீடு வாங்கியபோது நான் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டேன். "புது வீட்டுக்குள்ள சிகரெட்டோட காலடி வைச்சியள் எண்டால் நான் வெளியால. நீங்களும் உங்கட புகையும் உள்ளுக்க குடும்பம் நடத்துங்கோ."

அவர் பயந்தாரோ, அலுத்துப்போனாரோ தெரியாது. வேலையிடத்தில் யாரோ காட்டிக்கொடுக்க, ஒரு மெஷினோடு வந்து நின்றார். மின்சாரச் சிகரெட்டாம். பார்ப்பதற்கு டோர்ச் லைட்டுக்குத் தொப்பி போட்ட மாதிரி இருந்தது. அந்தத் தொப்பிக்குப் பெயர் அட்டமைசர். கடையில் வாங்கிப் பூட்டுகிற சாதி அல்ல, நாமே கட்ட வேண்டுமாம். தலைமயிர் தடிப்பில் ஒரு கம்பியை ஸ்குரூ டிரைவரில் சுற்றிச் சுருள் ஆக்க வேண்டும். அதுதான் கொயில். அதன் இரண்டு நுனியையும் இரண்டு குட்டி ஆணிக்குள் இறுக்க வேண்டும். சுருளின் நடுவில் பஞ்சுத் திரியைக் கோத்து, வாசனைத் திரவத்தை அதில் சொட்டு விட வேண்டும். பொத்தானை அமத்தினால் கம்பி சூடாகி, பஞ்சில் ஊறின திரவம் ஆவியாக வரும். அதை இழுத்தால் சிகரெட் ஆசை அடங்கும். இதுதான் சாத்திரம்.

சாத்திரம் சரி, ஆனால் செய்கிற கை யாருடையது? குகன் சட்டைக்குப் பொத்தான் தைத்தால் கையோடு சேர்த்துத் தைக்கிற ஆள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நாக்கைக் கடைவாயில் கடித்துக்கொண்டு, குசினியில் நான் சமைக்கிற மேசையை முழுதாகப் பிடித்துக்கொள்வார். நான் புருவத்துக்கு வைத்திருந்த சாவணம் போனது. நகவெட்டி போனது. ஒருநாள் அடுப்பில் என் பால் சட்டி கொதிக்கிறதே என்று மூடியைத் திறந்தால் உள்ளே பஞ்சு!

"பஞ்சில மெழுகு இருக்குமாம். அவிச்சுக் காயவைச்சால்தான் நல்லாம்," என்றார்.

"அப்ப இதுக்குள்ள உப்புப் போட்டனீங்களோ? புளி விட்டனீங்களோ?" என்று கேட்டுக்கொண்டே சட்டியை அடுப்பால் இறக்கினேன்.

இத்தனை பாடுபட்டுக் கட்டினதை ஒரு இழுவை இழுப்பார். உடனே முகம் கோணும். கண்ணில் தண்ணீர் வரும்.

"ட்ரை ஹிட்," என்பார் இருமிக்கொண்டு.

எனக்கு அந்த ஆங்கிலம் தேவையில்லை. மணம் மூக்கில் ஏறியதுமே விளங்கிவிட்டது. அடிப்பிடித்திருக்கிறது. பஞ்சைத் திணித்து இறுக்கிவிட்டால் திரவம் எப்படி உள்ளே ஏறும்? கம்பி சுடும், பஞ்சு கருகும். அடுத்த முறை பயந்து கொஞ்சமாக வைப்பார், முழுவதும் ஒழுகி அவரின் காற்சட்டைப் பையை நனைக்கும். எரிச்சலில் எழுந்து கராஜுக்குப் பின்னால் போவார். எதற்கு என்று எனக்குத் தெரியாதா? திரும்பி வரும்போது வாயில் மிண்ட் இனிப்பு. (ஏன், மனுசி என்ன மூக்கில்லாமலா பிறந்தவள்?)

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "கொண்டாங்கோ இஞ்ச! விளக்குத் திரி திரிக்கத் தெரியாத ஆம்பிளைக்கு மெஷின் ஒரு கேடு!" என்று பறித்தேன்.

விளக்குக்குத் திரி திரிப்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. கார்த்திகை விளக்கீட்டுக்கு நான் திரித்த திரி ஒன்றும் நடுவில் அணைந்ததாகச் சரித்திரம் இல்லை. அதே கைதான் இதற்கும் வேண்டியிருந்தது. இழைகளை ஒரே பக்கமாக வாரி, நுனியை மட்டும் முறுக்கிச் சுருளுக்குள் விட்டு இழுத்தேன். கம்பி வளையாமல், ஆனால் சின்னப் பிடிமானத்தோடு பஞ்சு வழுக்கி வந்தது. இரண்டு வாலையும் வெட்டி, கீழே மடித்து வைத்து, திரவம் விட்டுக் கொடுத்தேன். குகன் இழுத்தார். இருமவில்லை. இன்னொரு தரம் இழுத்தார்.

"வதனி, நீர் ஒரு இஞ்சினியர்," என்றார்.

அன்றோடு கராஜ் பயணம் நின்றது. எனக்குத் தலைகால் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய சிநேகிதர்களும் தங்கள் மெஷின்களைக் கொண்டுவந்து குசினிக் கதிரைகளில் வரிசையாக இருந்தார்கள். திரி போட்டுக் கொடுக்கும்போது ஆளுக்கு ஒரு ஏச்சும் இலவசமாகக் கொடுத்தேன். உலகத்திலேயே என்னைவிடக் கெட்டிக்காரி இல்லை என்ற எண்ணத்தில் இருந்த காலம் அது. சனியன் தலைக்கு மேலே நின்று சிரித்ததை நான் காணவில்லை.

நல்ல நாள் கிடைக்காமல் தள்ளிப்போய், 2013ஆம் ஆண்டு தை மாதம்தான் புதுமனை புகுவிழா, எங்கள் பேச்சில் குடிபூரல், வைத்தோம். சிட்னிக் கோடை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஐயர் வந்துவிட்டார். சனம் வந்துவிட்டது. குகனின் அக்கா, அதாவது என் மச்சாள், மெல்பேர்ணில் பொயிண்ட் குக்கில் இருந்து முதல் நாளே வந்து, நான் வைத்த நிறைகுடத்தை இரண்டு தரம் இடம் மாற்றிவிட்டிருந்தா. தம்பியின் வாயில் இருந்த சிகரெட்டைவிட, தம்பியை அதட்டுகிற என்னுடைய வாய்தான் அவவுக்குப் பெரிய வருத்தம்.

நான் குசினியில் குத்துவிளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தேன். குகன் ஒரு கையில் வேட்டியையும் மறுகையில் மெஷினையும் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இஞ்சரும், சனத்தைக் கண்டால் எனக்குக் கை நடுங்குது. இதுக்கும் ஒரு திரி போட்டுத் தாருமன். பூசைக்கு முதல் ஒருக்கா இழுத்துப்போட்டு வாறன்."

போட்டேன். பக்கத்தில் இருந்த போத்தலில் இருந்து திரவம் சொட்டு விட்டுக் கொடுத்தேன். மற்றப் போத்தலை எடுத்துப் போய்க் குத்துவிளக்கு நிறைய எண்ணெய் வார்த்தேன்.

இந்த இடத்தில் நான் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பிழை என்னுடையது அல்ல! அந்த மனுசன் கிளிசரினில் வாசனை கலந்து தானே திரவம் தயாரித்துக்கொண்டிருந்தார். ஊரில் தின்ற கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் மணம் வரவேண்டும் என்று ஒரு ஆராய்ச்சி. ஆராய்ச்சி செய்தவர் அதை எதில் ஊற்றி வைத்தார்? நான் கழுவி வைத்த வெறும் தேங்காயெண்ணெய்ப் போத்தலில். ஒடுங்கிய வாயாம், சொட்டு விட வசதியாம். குளிர்காலம் என்றால் தேங்காயெண்ணெய் உறைந்து காட்டிக் கொடுத்திருக்கும். தை மாத வெயிலில் இரண்டும் தண்ணீர் மாதிரி நின்றன. ஒரே போத்தல், ஒரே நிறம். வைத்த இடம்தான் அடையாளம், அன்றைய அமளியில் அதுவும் மாறிக் கிடந்தது. நான் என்ன சோதிடமா பார்ப்பது?

"வீட்டுக்காரர் எங்கே?" என்று ஐயர் கேட்டார்.

"இப்ப வருவார் ஐயா. நீங்கள் தொடங்குங்கோ."

"அப்ப நீங்கள் விளக்கை ஏத்துங்கோ, பிள்ளை."

நெருப்புக்குச்சியைத் தட்டி வைத்தேன். திரியின் நுனி கறுத்தது, "சுர்" என்றது, அணைந்தது. இன்னொரு குச்சி. "சுர்." அடுத்த முகத்தில் வைத்தேன். அதுவும் "சுர்."

"ஃபேனை நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன். நிப்பாட்டினார்கள். "சன்னலைச் சாத்துங்கோ!" சாத்தினார்கள். அந்த வெயிலில் அத்தனை சனமும் எனக்காக அவிந்தது. விளக்கு எரியவில்லை. ஐயர் இரக்கப்பட்டு ஒரு துண்டு கற்பூரத்தைத் திரியின் நுனியில் வைத்துக் கொளுத்தினார். ஜோராக எரிந்தது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். கற்பூரம் முடிந்தது, விளக்கும் முடிந்தது.

"குடிபூரல் அண்டைக்கு விளக்கு நூருதே, முருகா! ஏதோ குறை இருக்கு," என்று மச்சாள் ஊருக்கே கேட்கும்படி முணுமுணுத்தா.

"குறை விளக்கில இல்லை மச்சாள், நெருப்புப்பெட்டியில!" என்று பாய்ந்தேன்.

அப்போது ஐயர் மூக்கை உறிஞ்சினார். "நைவேத்தியத்துக்கு மாம்பழம் வைச்சிருக்கிறியளோ? நல்ல கறுத்தக்கொழும்பான் மணமாக் கிடக்கு."

மாம்பழம் வைக்கவில்லை. நான் விளக்கில் விரலை விட்டு மணந்தேன். விளக்கில் இருப்பது மாம்பழம் என்றால், அவருடைய மெஷினில் இருப்பது என்ன?

போத்தலைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் பின்னால் ஓடினேன். பட்டுச் சேலையில் ஓடுவது அவ்வளவு சுலபமில்லை. அங்கே குகன், வேலையிடத்துச் சிநேகிதர் ஒருவரோடு நின்றார். வாயில் அந்தச் சிநேகிதரிடம் வாங்கின சிகரெட். கையில் லைட்டர்.

"உம்மட மெஷின் சரிவராது!" என்று அவரே முந்திக்கொண்டு கத்தினார். "ஒரு இழுவைதான். தொண்டை முழுக்க வடை பொரிச்ச எண்ணெய். ஓங்காளிச்சுச் சத்தி வந்திட்டுது. என்னால ஏலாது வதனி. இண்டைக்கு மட்டும், ஒண்டே ஒண்டு."

"ஆருடைய போத்தல் இது? ஆர் இதுக்குள்ள ஊத்தினது?"

"நீர் மணந்து பாத்திருக்கலாமே?"

மணந்து பார்த்திருக்கலாமே! எண்ணெய்ப் போத்தலில் எண்ணெய் இருக்கிறதா என்று மணந்து பார்க்க வேண்டுமாம்! லைட்டரின் சுவாலை சிகரெட்டுக்குக் கிட்டப் போனது. எனக்குள் ஏதோ அறுந்தது. அவ்வளவு நாளும் அவரை ஏசின ஏச்செல்லாம் சும்மா ஏச்சு. இது வேறு.

"பத்த வையுங்கோ!" என்று வீறிட்டேன். "நல்லாப் பத்த வையுங்கோ! உங்கட அம்மா மாதிரி நானும் வெள்ளைச் சீலையோட இந்த வீட்டில தனிய இருக்கிறன். அதுக்குத்தானே வீடு வாங்கினனீங்கள்? இண்டைக்கே சொல்லுங்கோ, ஐயரும் வந்து நிக்கிறார், செத்தவீட்டையும் சேர்த்துச் செய்வம்!"

எனக்குப் பின்னால் மணி ஒருக்கா கிணுங்கியது. திரும்பிப் பார்த்தேன். பூசை நின்றுபோனதால் சனம் முழுவதும் எனக்குப் பின்னால் வந்து நின்றது. ஐயர் கையில் மணியோடு நின்றார். குடிபூரல் நாளில், நல்ல நேரத்தில், வீட்டுக்காரி தன் வாயால் சொல்லக்கூடாத சொல் எதுவோ அதைச் சொல்லி முடித்திருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்திலா, வெட்கத்திலா, பயத்திலா தெரியவில்லை. அதற்கும் கோபம் வந்தது.

மச்சாள் முன்னால் வந்தா. சரி, இன்றைக்கு நான் தொலைந்தேன் என்று நினைத்தேன். அவ என்னைப் பார்க்கவில்லை. நேரே போய்த் தம்பியின் வாயில் இருந்த சிகரெட்டைப் பிடுங்கிக் காலுக்குக் கீழே போட்டு மிதித்தா.

"அவள் சொன்னதில என்னடா பிழை?" என்றா. "அம்மா அழுதது உனக்கு மறந்து போச்சோ? எனக்கு மறக்கேல்லை."

குகன் லைட்டரைச் சிநேகிதரின் கையில் கொடுத்தார். உள்ளே போனார். குத்துவிளக்கைத் தூக்கி, மாம்பழத்தைக் குசினித் தொட்டியில் ஊற்றி, தன் சால்வையாலேயே துடைத்தார். பஞ்சை எடுத்துத் தொடையில் வைத்து உருட்டினார். ஒரு முனை பெருவிரல் தடிப்பு, மறுமுனை நூல் தடிப்பு. அவ்வளவு கேவலமான திரியை நான் வாழ்க்கையில் கண்டதில்லை. எண்ணெயை மணந்து பார்த்து (ஆமாம், அப்போது மட்டும் மணந்தார்) வார்த்து, கொளுத்தினார். எரிந்தது.

"ஐயா, இவ சொன்ன சொல்லுக்கு ஏதும் பரிகாரம்?" என்று மச்சாள் மெதுவாகக் கேட்டா.

"விளக்குக்கு எண்ணெய் விட்டால் போதும் அம்மா," என்றார் ஐயர். "மிச்சப் பரிகாரத்தை அந்தப் பிள்ளையே செய்து முடிச்சிட்டா."

குகன் அதற்குப் பிறகு சிகரெட்டைத் தொடவில்லை. கொஞ்ச காலத்தில் மெஷினும் அலுத்துப்போய், அதையும் விட்டுவிட்டார். எப்படி நிறுத்தினீர்கள் என்று யாராவது கேட்டால் போதும், கதிரையில் சாய்ந்துகொண்டு தொடங்கிவிடுவார். "எனக்கு ஒருக்கா செத்தவீடு நடந்திட்டுது. மனுசிதான் நடத்தினவ. ஐயரும் வந்தவர், சனமும் வந்தது, சாப்பாடும் நல்லம். இனி இரண்டாந்தரம் செத்தால் ஒருத்தரும் வரமாட்டினம்."

கேட்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மெல்பேர்ணில் இருந்து மச்சாள் போனிலும் சிரிப்பா. எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும். நான் அன்றைக்குப் பகிடிக்கா சொன்னேன்? "இதென்ன கதை, வாயை மூடுங்கோ!" என்று ஏசுவேன். அவர் மூடமாட்டார். பக்கத்தில் இருந்துகொண்டு, இருமல் இல்லாத அந்தத் தொண்டையால், முதலில் இருந்து திரும்பவும் சொல்லத் தொடங்குவார்.