உங்கள் வீட்டில் நான் கை நனைக்காத காரணம்

மதிப்பிற்குரிய கீழ்பென்னாத்தூர் திரு. இராமலிங்கம் அவர்களுக்கு, திருவண்ணாமலையிலிருந்து போர்வெல் மோட்டார் ரிப்பேர் வேடியப்பன் வணக்கத்துடன் எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் இங்கு நான், உண்ணாமலை, மகள் தேவிப்ரியா மூவரும் நலம். அங்கு தாங்களும் தங்கள் வீட்டாரும் மகன் புகழேந்தியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் பேசவேண்டிய விஷயம்தான். ஆனால் வாயால் சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் நம்பரைப் பார்த்தால் எடுப்பீர்களா என்றும் தெரியவில்லை.

போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தோம். உங்கள் வீட்டு அம்மா வடை பாயசத்தோடு இலை போட்டார்கள். நான் மட்டும் கை நனைக்காமல், பாட்டிலில் கொண்டுவந்த கலங்கல் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, பையனிடம் நாலு வார்த்தைகூடப் பேசாமல், உங்கள் பாத்ரூமை மட்டும் ஏழு தடவை பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். பெண்ணைப் பெற்றவன் சாப்பிடாமல் எழுந்தால் இடம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். என் மரமண்டைக்கு அது பஸ் ஏறின பிறகுதான் உறைத்தது. அந்தப் பஸ்ஸில் பட்ட பாட்டை எழுத்தில் வைக்க முடியாது. அன்று முதல் உங்கள் பக்கமிருந்து பேச்சே இல்லை. தேவிப்ரியா மணிக்கு ஒரு தரம் போனைப் பார்க்கிறாள்.

நடந்தது இதுதான். இரண்டு மாதமாக வெளிக்குப் போகும்போது ரத்தம். மூலம் என்று நானே முடிவு பண்ணி, கருணைக்கிழங்காகத் தின்று தீர்த்தேன். நிற்கவில்லை. வேங்கிக்கால் பக்கம் ஒரு டாக்டரம்மா, குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கணும் என்று திங்கட்கிழமை தேதி கொடுத்தார். கல்யாணம் பேசுகிற நேரத்தில் பெண்ணோட அப்பாவுக்கு நோய்னு பேச்சு வந்துடக் கூடாதேனு வீட்டில்கூட மூச்சு விடவில்லை. முந்தின நாள் ஞாயிறு தண்ணீர் ஆகாரம் மட்டும், சாயந்திரம் ஆறு மணிக்குத்தான் குடலைக் கழுவும் மருந்துத் தண்ணீர் என்று நர்ஸம்மா படித்துப் படித்துச் சொன்னார். காலையிலேயே குடிச்சுட்டா சாயந்திரம் ஃப்ரீ ஆயிடலாமேனு யோசித்த மூளை என்னுடையது. நீங்கள் பார்த்த பாட்டிலில் இருந்ததும் அதுதான். மருந்து சரியாக உங்கள் வீட்டு வாசலில் வேலையைக் காட்டியது. உண்ணாமலையிடம் வயிறு சரியில்லை என்றேன், அது மட்டும் பொய்யில்லை.

மறுநாள் மீதி மருந்தையும் குடித்துவிட்டுப் போய்ப் படுத்தேன். நான் போருக்குள்ள கேமரா விடுறவன், முழு மயக்கம் வேணாங்க, டிவியைப் பார்க்கணும்னு கெஞ்சினேன். உள்ளே கம்ப்ரசர் அடித்துச் சேறு எடுத்த போர் மாதிரி சுத்தம், எனக்கே பெருமையாக இருந்தது. ஒரு வளைவில் மல்லாட்டைப் பருப்பு அளவுக்கு ஒரு கட்டி, டாக்டரம்மா வேர்க்கடலை என்றார். பெருமை அங்கேயே போய்விட்டது. டாக்டரம்மா ஒரு பொத்தானை அழுத்தினார், வெளிச்சத்தின் நிறமே மாறி ரத்தக்குழாய்கள் தனித்தனியாகத் தெரிந்தன. அப்புறம் வேட்டிக்குப் போடும் சொட்டு நீலம் மாதிரி எதையோ பீச்சினார், மேடு பள்ளமெல்லாம் துலங்கியது. என் கேமராவில் இருப்பது ஒரே ஒரு வெள்ளை பல்பு, அதை வைத்துக்கொண்டு இருபது வருஷமாக என்ன பேச்சுப் பேசியிருக்கிறேன். “மேல இருக்கிற கோடெல்லாம் வரிசையா இருக்குதுங்க. கெட்டதா மாறியிருந்தா கலைஞ்சு போயிருக்கும். ஜாஸ்தி பயப்படாதீங்க” என்றவர், கம்பிச் சுருக்குப் போட்டு அப்போதே அதை எடுத்துவிட்டார். நேற்று ரிசல்ட்டும் வந்தது. புற்று இல்லை. விட்டு வைத்திருந்தால் சில வருஷத்தில் ஆகியிருக்கலாமாம். மூன்று வருஷம் கழித்து மறுபடி பார்க்கணும். பிள்ளைகளும் வயது வரும்போது பார்த்துக்கொள்வது நல்லது என்றார். மறைத்துப் பட்டது போதும், அதனால் இதையும் எழுதிவிட்டேன். தேவிப்ரியாவுக்கு உங்கள் பையனைப் பிடித்திருக்கிறது, எங்களுக்கும்தான். முடிவு உங்கள் கையில். சம்மதமென்றால் வரும் ஞாயிறு வருகிறேன், ரெண்டு இலைச் சாப்பாட்டை ஒரே ஆளாகச் சாப்பிடுகிறேன்.

தங்கள் வீட்டு அம்மாவிடம் என் மன்னிப்பையும், பெரியவர்களிடம் என் வணக்கத்தையும், புகழேந்தியிடம் என் ஆசியையும் சேர்ப்பிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
வேடியப்பன்

பி.கு: கவரை ஒட்டும்போது உங்கள் போன் வந்துவிட்டது, இருந்தாலும் எழுதினதை அனுப்பிவிடுகிறேன். தேவிப்ரியா என் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்து, புகழேந்தியிடம் எப்போதோ சொல்லிவிட்டாளாம். நீங்கள் பேசாமல் இருந்தது கோபத்தில் இல்லையாம். ஒரு வருஷமாக நீங்களும் மூலம் என்றே மறைத்து வைத்திருந்து, இப்போதுதான் அதே டாக்டரம்மாவிடம் தேதி வாங்கினீர்களாம். ஞாயிறு சாப்பிட வருகிறேன் என்று நான் சொன்னதற்கு, “ஞாயித்துக்கிழமை வராதீங்க, நான் சாப்புட முடியாது. திங்கக்கிழமை வாங்க, கூட ஒரு ஆள் வேணுமாம். வீட்ல இன்னும் சொல்லல. வர்றவரு என்ன உறவுன்னு ஃபாரத்துல கேட்டிருந்தாங்க, சம்பந்தின்னு எழுதிட்டேன்” என்றீர்கள்.