லாவெண்டர் வாரமும் ஐந்நூறு முட்டைகளும்

கோஸ் பயிரைத் தின்னும் அந்துப்பூச்சி, இலையின் காரநெடியை மோப்பம் பிடித்துத்தான் முட்டையிடுகிறது. அதைத் தடுக்க வழி காண்பதற்கென்றே பெங்களூரில் ஓர் ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கே பசுமைக்குடிலில் முட்டை எண்ணுபவர் தனலக்ஷ்மி. தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வருகிறார். ஒப்பந்த வேலை. வெள்ளிக்கிழமைக்குள் ஐந்நூறு முட்டை தேறினால் வேலை இன்னும் ஓராண்டு நீளும். முட்டையே இல்லாமல் எதை ஆராய்வது?

அந்த வாரம் பார்த்து இயக்குநர் நிருபமா ஏதோ மனஅமைதி முகாமுக்குப் போய்வந்தார். திங்களன்று சுற்றறிக்கை: 'வளாகம் முழுவதும், விதிவிலக்கின்றி, லாவெண்டர் மணம் கமழ்தல் வேண்டும்.' கோஸ் செடிகளுக்கும் ஸ்ப்ரே அடித்தார்கள். சுற்றறிக்கையின் நகலைக் குடிலுக்குள் தொங்கவிட்டார்கள். முத்திரை கலைந்துவிடும் என்று அதற்கு மட்டும் அடிக்கவில்லை.

புதன்வரை ஒரு முட்டை இல்லை.

"மேடம், இந்த வாசனைல பூச்சிக்குக் கோஸ் எதுன்னே தெரியல. ஸ்ப்ரேயை நிறுத்துங்க."

"கேன்டீன் சாம்பாருக்கே விலக்கு குடுக்கல. பூச்சிக்கு எப்படிம்மா குடுப்பேன்?"

"அப்போ முட்டை?"

"அது உங்க பொறுப்பு."

வியாழன் மாலை தனலக்ஷ்மி, கேன்டீனில் பொரியலுக்கு நறுக்கிய கோஸில் ஒரு பிடி வாங்கி அரைத்து, சாற்றைச் சுற்றறிக்கையில் தடவிவிட்டுப் போனார். காலையில் அதன்மேல் அறுநூற்றுப் பன்னிரண்டு முட்டைகள்.

நிருபமா நெகிழ்ந்துபோனார். "பாத்தீங்களாம்மா! பூச்சிகூட சர்க்குலரை மதிக்குது. ஸ்டாஃப்தான் படிக்கறதே இல்ல."

முட்டை தாவரத்தின்மேல் அல்லவா இருக்க வேண்டும் என்று ஒருவர் ஆட்சேபித்தார். குழு கூடியது. மரம் தாவரமாகவும், காகிதம் மரத்தின் வழித்தோன்றலாகவும் இருப்பதால், சுற்றறிக்கையும் தாவரமே என ஒருமனதாகத் தீர்மானித்தது. ஒப்பந்தம் நீண்டது. முட்டை விழாத நாற்பது கோஸ் செடிகளும் 'ஆய்வுக்கு ஒத்துழையாதவை' என்று குப்பைக்குப் போயின.

அன்று மாலை ரயிலில் எதிர் சீட்டில் தாஸ். பங்காரப்பேட்டைப் பக்கம் கோஸ் போடுகிறவர்; ரயில் பழக்கம்.

"ஏம்மா, தோட்டம் பூரா பூச்சி முட்டை. இந்த வாட்டியும் போச்சு. உங்க ஆபீஸ்ல ஒரு செடியாவது தப்பிச்சுதா?"

தனலக்ஷ்மிக்கு அப்போதுதான் உறைத்தது. லாவெண்டர் அடித்த நாற்பது செடி. ஒரு முட்டை இல்லை. சொல்ல வாயெடுத்தார்.

மடியிலிருந்த பையில் புதிய ஒப்பந்தம் இருந்தது. அடுத்த ஆண்டுக்கான இலக்கு: ஆயிரம் முட்டை.

"ஆராய்ச்சி நடந்துட்டிருக்குண்ணா," என்றார்.