அலாரமோ, அலங்காரமோ?

இந்த வருசம் மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போயே தீருவது என்று முடிவெடுத்தேன். என் பெயர் சிங்கராசா. வீட்டில் முடிவெடுக்கும் உரிமை எனக்கு உண்டு. அதை நிறைவேற்றுவதுதான் மனைவி செலீனாவின் கையில்.

மீள்குடியேறி வங்காலைக்கு வந்த நாள் முதல், ஆவணியில் ஊரே மடுவுக்குப் போகிறது. மரங்களுக்குக் கீழே கொட்டில் போட்டு, சமைத்து, கூட்டமாக இருந்து சாப்பிட்டுவிட்டு வருகிறது. நான் மட்டும் வீட்டுக் காவல். காரணம் கள்ளர். வீட்டுத்திட்ட வீடுகள் வந்ததும் தண்ணீர் மோட்டர்கள் வந்தன. மோட்டர்கள் வந்ததும் கள்ளரும் மீள்குடியேறிவிட்டார்கள்.

"ஒரு ஆம்பிளை வீட்டில நிக்கவேணும்" என்பாள் செலீனா.

"அது ஆர்?"

"வேற ஆரப்பா இருக்கினம்?"

இந்த நேரத்தில்தான் என் சிநேகிதன் மீராசாஹிபு கொழும்பிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தான். இடித்த கடையொன்றின் வெளிச்சுவரில் இருந்த கள்ளர் அலாரம். வெள்ளைப் பெட்டி, முன்னால் சிவப்புக் கண்ணாடி. உள்ளே வயருமில்லை, மணியுமில்லை. வெறும் கோது.

"உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு கள்ளனுக்குத் தெரியுமோ? கண்டவுடன ஓடுவான்" என்றான்.

கள்ளன் ஓடினால் நான் மடுவுக்கு ஓடலாம். ஆனால் உண்மை செலீனாவுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் பழையபடி காவல்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் தெருவைப் பார்த்த சுவரில் ஏணியைச் சாத்தி ஏறினேன். கீழே நின்று பெட்டியை எடுத்துத் தந்தவள் செலீனாதான்.

"இஞ்சேருங்கோ, இது அலாரமோ, அலங்காரமோ?"

"அலாரம். கள்ளன் கேற்றில கை வைச்சால் மன்னார் வரைக்கும் கத்தும்."

"பாரமே இல்லாமல் கிடக்கு?"

"இப்ப எல்லாம் அப்பிடித்தான். ரேடியோ எவ்வளவு சின்னனாப் போச்சுது, பாக்கேல்லையோ?"

"ஓம், ஓம். விஞ்ஞானம்."

பக்கத்து வீட்டு அமிர்தநாயகம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"சிங்கராசா, என்ர ஆடு உள்ளுக்கு வந்தாலும் கத்துமோ?"

"ஆட்டுக்குக் கத்தாது அண்ணை. மனுசருக்கு மட்டும்."

"அப்ப செலீனா வந்தால்?"

"அவ வந்தால் அது வாயே திறவாது. என்னைப்போல."

செலீனாவும் சேர்ந்து சிரித்தாள். வென்றுவிட்டேன் என்று நினைத்து இன்னும் இரண்டு ஆணி கூடுதலாக அடித்தேன்.

அந்தக் கிழமைக்குள் ஊர் முழுக்கக் கதை பரவிவிட்டது. பரப்பியது யார் என்று சொல்லத் தேவையில்லை. மடுவுக்குப் புறப்படுவதற்கு முதல்நாள் காலை, மீன்பிடிக்கிற யோசேப் தன் படகு எஞ்சினைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான்.

"உங்கட வீட்டில அலாரம் கிடக்காம். செலீனா அக்கா சொன்னவ. மடுவால வந்து எடுக்கிறன்."

அவன் பின்னால் கனகம்மாவின் தையல் மெசின் வந்தது. அதன் பின்னால் இரண்டு தண்ணீர் மோட்டர்கள், நாலைந்து சைக்கிள்கள், ஒரு டீவி. கடைசியாக அமிர்தநாயகம் ஆட்டோடு வந்தார்.

"ஆட்டுக்குக் கத்தாதெண்டு நீர்தானே சொன்னனீர்?"

மத்தியானத்துக்குள் கதிரையில் இருக்க இடமில்லை. அலுமாரியைத் திறக்க வழியில்லை. கள்ளருக்கு இனி வீடு வீடாக அலையும் வேலை மிச்சம். ஊரின் சொத்தெல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. காவலுக்கு ஒரு கோது.

யோசேப்பின் பிழைப்பே அந்த எஞ்சின். அதை விட்டுவிட்டு எப்படிப் போவது? உண்மையைச் சொன்னால் ஊர் சிரிக்கும். வேறு வழியில்லாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குசினிக்குப் போனேன்.

"செலீனா, வயித்துக்க என்னவோ செய்யுது. நீயும் பிள்ளையளும் போயிட்டு வாங்கோ. நான் நிக்கிறன்."

அவள் அடுப்பிலிருந்து திரும்பவேயில்லை.

"சரி. உங்களுக்கு மீன் பொரிச்சு வைச்சிருக்கிறன். புட்டுக்கு மா வறுத்துக் கிடக்கு. ஆட்டுக்குக் குழை வெட்டிப் போடுங்கோ."

வயிற்று வலி இப்போதுதான் வந்தது. மீன் எப்போது பொரிந்தது?

"அப்ப மடுவுக்குப் போற வானில என்ர இடம்?"

"அதைக் கனகம்மா அக்காவுக்குக் குடுத்திட்டன்."

"எப்ப குடுத்தனீ?"

"நீங்கள் ஏணியில நிக்கேக்க."