மாமாவுக்கு நான் கரைத்த ஆரத்தி

மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது எங்கள் பக்கம் பால் மறந்த பிள்ளைக்கும் தெரியும். மதராசில் சித்திரம் படித்த எனக்கு மட்டும் தெரியவில்லை. (தெரியும். மறந்துவிட்டேன். அது இன்னும் கேவலம்.)

யுத்த காலம். சீமை வர்ணம் வருவது நின்றுபோனதால் மாணவர்கள் நாங்களே அரைத்துக்கொள்ளப் பழகியிருந்தோம். அம்மியில் மஞ்சளும் காவியும், கறுப்புக்கு விளக்குக் கரி, பசைக்கு வேப்பம்பிசின். காகிதத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் நின்றது.

ஜெயமங்கலத்து மாமாவிடம் அவருடைய இளைய மகள் பாக்கியத்தைக் கேட்டிருந்தேன். அவள் இல்லாவிட்டால் செத்துவிடுவேன் என்று நம்பிய வயது.

"பொம்மை போட்டா பொழப்பு ஓடுமா மாப்ளே? பெரியவ கல்யாணத்துக்குக் கூடத்துச் சுவத்துல என்னையப் போடு. பாப்பம்" என்றார் மாமா.

கூடப் படித்த சுந்தரத்தைக் கம்பத்திலிருந்து வரவழைத்தேன். இருவரும் கை கொப்பளிக்க அரைத்தோம். மாமா நல்ல நிறம் என்பதால் முகத்துக்கு மஞ்சளைத் தாராளமாகக் குழைத்தோம். பாக்கியம் கதவோரம் வந்து நின்றாள்.

"அத்தான், இப்பத்தான் வெள்ளையடிச்சிருக்காக. சுண்ணாம்பு இன்னும் காயல."

"சித்திரத்தைப் பத்தி ஒனக்கென்ன தெரியும்?" என்றேன். (அந்த வாயைத் தைத்திருக்க வேண்டும்.)

பூசப் பூச முகம் சிவந்தது. சுந்தரம் இன்னும் கொஞ்சம் மஞ்சள் போடச் சொன்னான். போட்டேன். இன்னும் சிவந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியபோது, காவு வாங்கிய கருப்பசாமியாக மாமா சுவரிலிருந்து முறைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் தாயார் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"சம்பந்திக்கு எங்க மேல என்ன கோவம்?"

மாமா என்னைத் திட்டவில்லை. "மாப்பிள்ளைக்குக் கரைக்க வேண்டிய ஆரத்திய என் மூஞ்சியில ஊத்திட்டியே தம்பி" என்றார். அதுவரை மாப்ளே என்று கூப்பிட்டவர். அந்தத் 'தம்பி'யில் என் கதை முடிந்தது.

அடுத்த தையில் பாக்கியத்தைத் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவுக்குக் கொடுத்தார்கள். முற்றத்து வெயிலில் முகம் வெளுத்துப்போய், கரியில் எழுதிய மீசை மட்டும் சுவரில் பாக்கி இருந்தது. அதற்கு எதிரே பந்தியில் உட்கார்ந்து அழுதேன். ரசத்தில் காரம் என்று சமாளித்தேன்.

இன்றைக்கும் அவள் பிள்ளைகளுக்கு நான் 'ஆரத்திச் சித்தப்பா'தான். வீட்டில் விசேஷம் வந்து, ஆரத்தி யார் கரைப்பது என்று பேச்சு எழுந்தால், உள்ளேயிருந்து பாக்கியம் குரல் கொடுப்பாள்.

"அத்தானைக் கூப்பிடுங்க. அவுகதான் அதுக்குப் படிச்சவுக."

எழுந்து போய்க் கரைப்பேன். ஒரு தடவைகூடச் சிவக்காமல் போனதில்லை.